அம்மாவின் இரண்டாவது மணித்தியாலம்

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று ஒரு காலைநேர இரத்தப் பரிசோதனையிலேயே பிடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அதே வருத்தம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நாலு வருசம் போனது. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே பானைச் சோறு சாப்பிட்டவர்கள், ஒரே மீன் ஆலையில் வேலை செய்தவர்கள், வருசா வருசம் ஒன்றாகவே போய் ஒரே இடத்தில் இரத்தம் கொடுத்தவர்கள்.

நாங்கள் இருந்தது நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், பாரன்ட்ஸ் கடலைப் பார்த்தபடி கிடக்கும் ஒரு மீன்பிடி ஊர். எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்த தமிழர் பலர் இந்தப் பக்கத்து ஊர்களின் மீன் ஆலைகளில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்பத் தலைகாட்டும். ஆண்கள் மீன்பெட்டி இறக்குவார்கள், மெசினில் நிற்பார்கள். பெண்கள் கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற மேசையில் கொட் மீன் துண்டை விரித்து, சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவைக் கத்தி நுனியால் கிள்ளி எடுப்பார்கள். அம்மா அந்த மேசையில் பதினெட்டு வருசம் நின்றா. நின்ற இடம் மாறவில்லை, அசைந்தது மணிக்கட்டு மட்டும். இந்த விசயம் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்திருங்கள்.

அப்பாவின் வெறும்வயிற்று அளவு 7.4. ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பார்த்தார்கள், 7.3. இங்கே மில்லிமோல் கணக்கு, ஊர்க் கணக்குக்கு மாற்றப் பதினெட்டால் பெருக்குங்கள். 7 என்றால் 126, அதுதான் எல்லைக் கோடு. சரி, மாத்திரை ஆரம்பம். அதே நாள் அம்மாவுக்கு 5.6. "பெர்ஃபெக்ட்" என்றார் வைத்தியர். அடுத்த வருசம் 5.5, அதற்கடுத்த வருசமும் அதே பல்லவி. அம்மாவுக்கு அது ஒரு பெருமையாகவே போய்விட்டது. அப்பா பாயசத்தில் கரண்டி வைத்தால் போதும், "உங்கட நம்பர் என்ன, என்ர நம்பர் என்ன" என்று ஆரம்பித்துவிடுவா.

அந்த வைத்தியரின் பெயரும் ஊரின் பெயரும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவர் பிழை செய்தார் என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தது, கேட்ட கேள்விதான் அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

நாலாவது வருசம் அம்மாவுக்குக் கண் மங்கலாகி, திரும்பத் தெளிந்து, திரும்ப மங்கலானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் நின்றபடியே தூங்கி விழுந்தா. விடுமுறைக்குப் போயிருந்த வைத்தியருக்குப் பதிலாக வந்த ஒரு இளம் பெண் வைத்தியர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெறும்வயிற்று எண்ணைத் தொடக்கூட இல்லாமல், "சுக்கர்பெலாஸ்ட்னிங் செய்வோம்" என்றா. தமிழில் சொன்னால் சீனிப் பாரம் ஏற்றிப் பார்ப்பது. நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வடக்கு நோர்வேயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே கிடைத்து, கல்யாணம் முடித்தாலும் விடாமல் தொடர்கிற உத்தியோகம் அது.

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஒரு பிளாஸ்டிக் குவளையில் தருவார்கள், ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அம்மா முதல் மிடறிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தா. "என்ன பிள்ளை, சலரோகம் இருக்கோ எண்டு பார்க்கச் சீனித்தண்ணி குடுக்கினம்?" அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையிலேயே இருக்க வேண்டும், நடக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. அம்மா யன்னலுக்கு வெளியே பனி வழிக்கிற வாகனம் போய்வருவதை எண்ணிக்கொண்டு இருந்தா. ஏழு தரம் என்று எனக்கு இப்போதும் ஞாபகம். குடிக்க முன் எடுத்த இரத்தத்தில் 5.7. இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்ததில் 13.2. இரண்டாவது எண்ணுக்கு எல்லை 11.1.

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் மீன் ஆலைதான் கைகொடுத்தது. கப்பல் வராத இரவில் போய்ப் பார்த்தால் எந்த ஆலையும் துப்புரவாகத்தான் இருக்கும், பெட்டி எல்லாம் கழுவி அடுக்கியிருக்கும். அந்த ஆலை எவ்வளவு மீனைத் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால், கப்பல் வந்து நாற்பது தொன் இறக்கிய பிறகு இரண்டு மணித்தியாலம் கழித்துப் போய், துறைமுகத்தில் இன்னும் எத்தனை பெட்டி தேங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெறும்வயிற்று அளவு இரவு ஆலை. அம்மாவின் ஆலை இரவில் பளபளவென்றுதான் இருந்தது.

உடம்புக்குள்ளும் இந்த இரண்டு நேரத்துக்கும் இரண்டு பொறுப்பாளர்கள். சாப்பிடாத நேரத்தில் இரத்தத்துக்குக் குளுக்கோஸை அளந்து விடுவது ஈரல். அது இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் அள்ளி விட்டால் காலை எண் ஏறும். சாப்பிட்ட பிறகு வருகிற வெள்ளத்தில் பெரும் பங்கை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டியது தசை. தசை மந்தமானால், அல்லது தசையே குறைவாக இருந்தால், காலை எண் நல்ல பிள்ளையாக நிற்க, மத்தியான எண் மட்டும் எகிறும்.

இதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பா முழுவதிலுமிருந்து 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த டிகோட் குழு 2003 இல் சொன்னது இதுதான்: சீனி வருத்தத்துக்கு முந்திய இடைநிலையில், காலை எண் மட்டும் ஏறி நிற்பவர்களில் ஆண்கள் அதிகம், குளுக்கோஸ் குடித்த பிறகான எண் மட்டும் ஏறி நிற்பவர்களில் பெண்கள் அதிகம். வயது போகப் போகக் காலை எண் கொஞ்சமாகத்தான் நகர்கிறது, இரண்டாவது எண்தான் படியேறுகிறது, அதுவும் எழுபதைத் தாண்டிய பெண்களிடம் நன்றாகவே. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. வயதாக ஆகத் தசை கரைகிறது, இன்சுலின் சுரக்கும் செல்களும் களைக்கின்றன. பெண்களுக்குத் தொடக்கத்திலேயே தசை குறைவு. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரஜன் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் வைத்துக் காப்பாற்றுகிறது. நின்றபிறகு கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. ஆண்களுக்கு அந்த வயிற்றுக் கொழுப்பு முப்பதுகளிலேயே வந்துவிடுவதால் ஈரல் முந்திக்கொண்டு கெடுகிறது. அப்பா அப்படியே இதற்கு உதாரணம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குவளை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆறடி மீனவனுக்கும் 75 கிராம், நாலடி பத்து அங்குலம் உள்ள என் அம்மாவுக்கும் 75 கிராம். ஆஸ்திரேலியாவில் 11,000 பேருக்கு மேல் எடுத்த ஒரு பெரிய ஆய்வில் உயரம் குறையக் குறைய இரண்டு மணி எண் கூடுவதைப் பார்த்தார்கள். உயரத்தைக் கணக்கில் சேர்த்ததும் ஆண் பெண் வித்தியாசம் தேய்ந்து போனது. அப்படியென்றால் இது வெறும் அளவை மயக்கம்தானா, சின்ன உடம்புக்குப் பெரிய குவளை கொடுத்த கோளாறுதானா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா தன் கோப்பையில் போட்டுக்கொண்ட சோறு அப்பாவுக்குப் போட்ட சோற்றை விடக் குறைவில்லை, பானையில் மிஞ்சியதையும் எறிய மனமில்லாமல் அவவே முடிப்பா. வாழ்க்கையும் அம்மாவுக்கு ஆறடி ஆளின் குவளையைத்தான் கொடுத்தது. அதனால் அந்தப் பரிசோதனை அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

கிரீன்லாந்துக் கதை எனக்குத் தெரியவந்தது இதற்கெல்லாம் பல வருசம் பிறகு. தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் 5.6 ஐ நினைக்காமல் அதைப் படிக்க முடிவதில்லை.

1960களில் டென்மார்க்கிலிருந்து போன வைத்தியர்கள் அங்கே இனுயிட் மக்களிடம் சீனி வருத்தத்தைத் தேடியபோது கிட்டத்தட்ட ஒருவரும் அகப்படவில்லை. சீல், திமிங்கிலம், மீன் என்று சாப்பிட்ட சனம், அது அவர்களை அண்டாது என்றே நினைத்தார்கள். பிறகு சின்னக் குடியிருப்புகளை மூடி ஆட்களைப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு நகர்த்தினார்கள், கப்பலில் மாவும் சீனியும் சோடாவும் வந்து இறங்கின. 2002 இல் வெளியான ஆய்வில், வெறும்வயிற்றோடு நிற்காமல் குளுக்கோஸ் குவளையும் கொடுத்துப் பார்த்தபோது, வயதைச் சமன்செய்த கணக்கில் ஆண்களில் 10.8 சதவீதம், பெண்களில் 8.8 சதவீதம் சீனி வருத்தக்காரர்கள். அதற்கு முந்திய படியில், அதாவது இரண்டாவது மணித்தியால எண் மட்டும் ஏறி நின்றவர்களில், கணக்கு தலைகீழ்: ஆண்கள் 9.4, பெண்கள் 14.1. வருத்தம் இருந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது.

2014 இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. கோப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் 2,575 கிரீன்லாந்துக்காரரின் மரபணுவைப் பார்த்தார்கள். டிபிசி1டி4 என்ற மரபணுவில் ஒரு எழுத்துப் பிசகு. தசையில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் கதவு இன்சுலின் வந்து தட்டினால் திறக்க வேண்டும், இந்தப் பிசகு உள்ளவர்களின் தசையில் அந்தத் தட்டல் சரியாகக் கேட்பதில்லை. அங்குள்ள மரபணுப் பிரதிகளில் 17 சதவீதம் பிசகானவை. தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அது வந்து சேர்ந்தவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கும், அறுபதைத் தாண்டியவர்களில் 80 சதவீதம் பேருக்கும் வருத்தம் இருந்தது. ஒரே மரபணுதான், வயது கூடக் கூட அதன் கடன் வட்டியோடு வெளியே வருகிறது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதற்கு அடுத்த வரி. இப்படிப்பட்டவர்களின் இரண்டு மணி எண் மற்றவர்களை விடச் சராசரியாக 3.8 கூட. காலை எண்ணோ கூடவில்லை, சற்றுக் குறைவு! கழுவித் துடைத்த இரவு ஆலை. கனடாவிலும் அலாஸ்காவிலும் இருக்கும் இனுயிட் மக்களிடமும் இதே பிசகு பரவலாக உண்டு. 2016 இல் அங்கே பார்த்தபோது, இந்தப் பிசகோடு சீனி வருத்தமோ அதன் முன்நிலையோ உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட, குவளைச் சோதனை இல்லாமல் அகப்படவே மாட்டார்கள் என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பார்த்தாலும் அவர்கள் நழுவிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் அம்மாவை இனுயிட் ஆக்கிவிட்டேன் என்று யாராவது எழுதுவீர்கள். அம்மாவுக்கு அந்த மரபணு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவவுடையது வேறு வழி: சின்ன உடம்பு, குறைந்த தசை, நின்ற இடத்தில் பதினெட்டு வருசம், வெள்ளைச் சோறு. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

அங்கே இன்னொரு மரபணுக் கதையும் உண்டு, சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். கிரீன்லாந்தில் சிலருக்குச் சாதாரணச் சீனியைக் குடலில் உடைக்கும் நொதியே வேலை செய்யாது. பிள்ளையாய் இருக்கும்போது இனிப்புத் தின்றால் வயிற்றோட்டம். எழுபதுகளிலேயே டென்மார்க் வைத்தியர்கள் இதைக் கவனித்து ஒரு குறைபாடு என்று எழுதிவைத்தார்கள். 2022 இல் பார்த்தால், அந்தக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு எடையும் இரத்தக் கொழுப்பும் மற்றவர்களை விட நல்ல நிலையில். குடலில் உடைபடாத சீனியைப் பாக்டீரியா தின்று அசெற்றேற் என்ற சின்னக் கொழுப்பமிலமாக மாற்றிவிடுகிறது. சீனி விசயத்தில் வடக்கு ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் தடவியிருக்கிறது.

ரஷ்யாவின் வடக்கிலும் இதே கேள்வியோடு நீண்டகாலம் மினக்கெட்டிருக்கிறார்கள். நோவோசிபிர்ஸ்க்கில் லியோனிட் பானின் என்பவர் எழுபதுகளில் "துருவ வளர்சிதை வகை" என்று ஒரு கருத்தை வைத்தார்: கடுங்குளிரில் வாழும் உடம்பு எரிபொருளை மாற்றிக்கொள்கிறது, மாச்சத்தை விட்டுக் கொழுப்புக்கும் புரதத்துக்கும் போகிறது என்று. வேலைக்காகத் தெற்கிலிருந்து போனவர்களையும் அங்கேயே பிறந்தவர்களையும் ஒப்பிட்டு, ஆண் பெண், வயது வாரியாகப் பிரித்து நிறையவே அளந்தார்கள். கொழுப்பை எரிக்கப் பழகிய உடம்புக்குத் திடீரென்று பாணும் பிஸ்கட்டும் கொடுத்தால் என்னவாகும் என்பதற்குக் கிரீன்லாந்தே போதும்.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். ட்ரொம்சோ பல்கலைக்கழகம் 1974 இல் ஒரு பெரிய சுகாதார ஆய்வைத் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. வடக்கு நோர்வே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. முதல் சுற்றில் 20 முதல் 49 வயது ஆண்களை மட்டும்தான் கூப்பிட்டார்கள். பெண்களைக் கூப்பிட 1979 ஆனது. அந்த நேரத்து அவசரம் எனக்கு விளங்குகிறது, குறை சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் முதலில் அப்பாவைக் கண்டுபிடித்துப் பிறகுதான் அம்மா பக்கம் திரும்பியதும், ஆய்வில் நடந்ததும் ஒரே வரிசை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ட்ரொம்சோவில் இன்னொரு நல்ல வேலையும் செய்தார்கள். இருட்டு மாதங்கள், வெயில் இல்லை, விற்றமின் டி குறைவு, அதனால்தான் சீனி வருத்தம் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. சரி பார்ப்போம் என்று முன்நிலையில் இருந்த 511 பேரைப் பிடித்து, பாதிப் பேருக்குக் கிழமைக்கு 20,000 அலகு விற்றமின் டி, மற்றப் பாதிக்கு வெறும் மாத்திரை, ஐந்து வருசம். வருத்தம் வருவது தடுபடவில்லை. 2016 இல் அது வெளியானபோது அம்மாவிடம் சொன்னேன். அவ காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிக்கிறதை அதற்காக நிறுத்தவில்லை. நிறுத்தவும் தேவையில்லை, எலும்புக்கு நல்லது.

குளிர் நல்லது என்றும் ஒரு கட்சி உண்டு. நெதர்லாந்தில் எட்டு ஆண்களைப் பத்து நாள் 15 பாகைக் குளிர் அறையில் தினமும் சில மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள், இன்சுலின் வேலை செய்கிற திறன் 43 சதவீதம் கூடியது. மாறியதும் தசைதான், அந்தக் கதவுதான். எட்டும் ஆண்கள் என்பதை இன்னொரு தரம் வாசியுங்கள். அம்மா பதினெட்டு வருசம் குளிர் மண்டபத்தில் நின்றா, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு.

ஒஸ்லோவில் நம்மவர்களைப் பற்றிய ஒரு கணக்கை 2005 இல் வெளியிட்டார்கள். 30 முதல் 59 வயது வரை உள்ளவர்களில், மேற்கத்தியப் பின்னணி ஆண்களில் 5.9 சதவீதம் பேருக்குச் சீனி வருத்தம், பெண்களில் 2.9. தெற்காசியர்களில், அதாவது பாகிஸ்தானியரும் நாமும், ஆண்கள் 14.3, பெண்கள் 27.5. ஒரு ஊரில் ஆண்களுக்கு இரண்டு மடங்கு, அதே ஊரில் மற்றச் சனத்தில் பெண்களுக்கு இரண்டு மடங்கு. ஆண்களுக்குத்தான் கூட வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஒரு நோர்வே வைத்தியர் அம்மாவைப் பார்த்துப் "பெர்ஃபெக்ட்" சொன்னதில் எனக்கு இப்போது அவ்வளவு ஆச்சரியம் இல்லை. கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

எனக்கு இப்போது நாற்பத்தாறு. பிள்ளை வயிற்றில் இருந்தபோதே குவளை குடித்தவள் நான், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தவள். போன வருசம் கேட்டுப் பார்த்தேன், இப்போதெல்லாம் அதைக் கர்ப்பிணிகளுக்குத்தான் அதிகம் செய்கிறோம், மற்றவர்களுக்கு எச்பிஏ1சி போதும் என்றார்கள். நோர்வேயில் 2012 இலிருந்து அதுதான் முதல் சோதனை. விரல் நுனியில் ஒரு துளி போதும், வெறும்வயிறாக வரத் தேவையில்லை, எல்லோருக்கும் வசதி. என்னுடையது நல்லாகத்தான் இருந்தது. நான் அங்கேயே நின்று அம்மாவின் கதையைச் சொன்னேன். கிரீன்லாந்துக் கதையையும் சொல்ல ஆரம்பித்ததும், தாதிக்கு அலுத்திருக்க வேண்டும், ஒரு திகதி எழுதித் தந்தா. காலை 5.4. இரண்டு மணித்தியாலம் கழித்து 8.9. எல்லை 7.8, ஆக நான் இடைநிலையில் நிற்கிறேன்.

அம்மா அப்பா இப்போது தெற்கே வந்துவிடவில்லை, பலரும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டாலும். அப்பாவுக்கு எழுபத்து நாலு, கையெல்லாம் மெலிந்து, மணிக்கூட்டுப் பட்டியில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறார். அம்மா சாப்பிட்ட கையோடு சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள்ளை மாட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டால் மின்னுகிற மேற்சட்டையோடு, இருட்டில் துறைமுகம் வரை நடந்துவிட்டு வருவா. நடக்கிற தசை இன்சுலின் தட்டாமலே கதவைத் திறக்கும். கிரீன்லாந்திலும் அந்தப் பிசகு இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்களில், உடம்பை அசைப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகான ஏற்றம் குறைவு என்று 2021 இல் காட்டினார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, கருவியில் எண் இறங்குவது தெரியும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு தாள் ஒட்டியிருக்கிறது. அப்பாவுடையதில் காலை எண்கள், அம்மாவுடையதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்த எண்கள். போன மாதம் போனபோது அப்பா அம்மாவின் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "உமக்கு 9 எல்லோ போட்டிருக்கு, எனக்கு 7 தான்" என்றார், பழைய கணக்கைத் தீர்க்கிற சந்தோசத்தோடு. அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. "சாப்பிட்டிட்டு இரண்டு மணித்தியாலம் கழிச்சுக் குத்திப் பாருங்கோவன்" என்றா.

அப்பா குத்திப் பார்க்கவில்லை.